பந்தயம் முடியும் வரை

என் சிறுநீரகங்களில் ஒன்றை அக்காவுக்குக் கொடுப்பது என்று முடிவான வருஷமும், உலகப் போட்டிக்கு என் பெயர் வந்த வருஷமும் ஒன்றுதான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தில் ஒரு வியப்பு வருகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. அதனாலேயே இவ்வளவு நாள் யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஜவ்வாது மலையில்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு வீடு என்றால் அக்கா வீடுதான். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். மாமாவும் அவளும் மேட்டு நிலத்தில் சாமை போடுவார்கள்; புளி உலுக்குகிற காலத்தில் மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் சண்டையும் சிரிப்புமாக இருந்தோம்.

நான் இறங்கிய விளையாட்டுக்கு அக்வத்லான் என்று பெயர். முதலில் ஒரு கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் ஈரத்தோடு ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் சைக்கிள் கிடையாது. சைக்கிள் இருந்திருந்தால் நான் அதன் பக்கமே போயிருக்க மாட்டேன். பந்தய சைக்கிள் வாங்க எனக்கு வழியும் இல்லை, ஓட்டிப் பழக மலையில் சமதரையும் இல்லை. ஓட்டம் எனக்குக் காலோடு பிறந்தது. நீச்சல்தான் தெரியாது.

அதைக் கற்றுக்கொடுத்தது என் தோழி. வாணியம்பாடிக்காரி. உடற்கல்விக் கல்லூரி விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. அவள் அப்பா தோல் வியாபாரம் செய்தவர். சொந்தக்காரர்களின் தென்னந்தோப்புக் கிணற்றில் தன் மூன்று பெண்களுக்கும் ஏழு வயதுக்குள் நீச்சல் பழக்கிவிட்டாராம். அவளுக்கு நீந்த வரும், ஓட வராது. ஓடினால் கால் மடங்கி மூச்சு வாங்கும். "நீ எனக்கு ஓடச் சொல்லிக்குடு, நான் உனக்கு நீஞ்சச் சொல்லித் தர்றேன்" என்றாள். முதல் வருஷம் நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

படிப்பு முடிந்து அவள் வாணியம்பாடியில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள், நான் மலைக்கு வந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் படவேட்டில் சந்திப்போம். அவள் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் கரும்புத் தோட்டத்தில் பெரிய வட்டக்கிணறு இருந்தது. அதில்தான் பயிற்சி. கிணற்றில் நேராக நீந்த முடியாது. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நான் எப்போதும் இடது பக்கமாகவே சுற்றுவேன். பின்னால் ஏரியிலும் கடலிலும் இறங்கியபோது அதன் பலன் தெரிந்தது. நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போவேன். "அங்க எங்கடி போற? கரும்புக்குத் தண்ணி கட்டவா?" என்று அவள் கத்துவாள்.

அக்காவுக்கு இந்த விளையாட்டு கடைசி வரை புரியவில்லை.

"இன்னாமே, தண்ணியில நீஞ்சிட்டு அப்பால ஓடணுமா? எதுக்கு? ஆத்துக்கு அந்தாண்ட போன மாட்டப் புடிக்கவா?" என்று கேட்டாள்.

ஆனால் மாநிலப் போட்டியில் நான் வாங்கிய பதக்கத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவள் அவள்தான்.

அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். விதைப்பும் களையும் நின்று செய்வதால் வந்த வீக்கம் என்று நினைத்தோம். முகமும் வீங்கிய பிறகுதான் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மலையில் இருக்கிற எங்களுக்குச் சமவெளி முழுவதுமே 'கீழே'தான். இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோய்விட்டன என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துச் செய்த இணைப்பு சரியாக வேலை செய்யாததால் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதை மறைக்க அக்கா எப்போதும் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வாள். சந்தையில் கேட்டவர்களிடம் "தொண்ட கட்டிக்கிச்சு" என்பாள்.

முதல் பஸ்ஸில் இறங்கினால் சாயங்கால பஸ்ஸில்தான் திரும்ப முடியும். வெள்ளிக்கிழமைகளில் விடுப்புப் போட்டுவிட்டு நானும் போவேன். திரும்பும்போது மலை அடிவாரத்தில் நான் மட்டும் இறங்கிவிடுவேன். அங்கிருந்து மலைப்பாதையில் ஓடி மேலே வருவது என் பயிற்சி. அக்கா என் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே போவாள். மாமா மேலே பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பார். நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு, வெளுத்த முகத்தோடு, பாத்திரம் கழுவிய துணிபோல் துவண்டு உட்கார்ந்திருப்பவளைத் தனியே அனுப்பிவிட்டு நான் ஓடினேன். அப்போது அது தவறாகத் தெரியவில்லை. அவளே கண்டக்டரிடம், "எறங்குற எடம் வந்துச்சு, நிறுத்துங்க, எந்தங்கச்சி ஓடப் போறா" என்று பெருமையாகச் சொல்வாள். வளைவுகளில் பஸ் மெதுவாகும்போது சில நேரம் நான் அதைப் பிடித்துவிடுவேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வா வா என்று ஆட்டுவாள்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் இன்னும் பல வருஷம் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மாமாவின் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. வீட்டில் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, நானும் யோசிக்கவில்லை. "என்னோடத எடுத்துக்குங்க" என்றேன். அக்கா அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் களி கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"வெட்டி எடுத்தா அப்பறம் ஓட முடியுமா?"

"முடியுமாம். ஆறு மாசம் கழிச்சு."

"முன்னமாதிரி?"

"அது தெரியாதாம்."

அவள் களியை உருட்டி என் தட்டில் வைத்தாள்.

பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ரத்தம், ஸ்கேன், இதயம், மனநலம் என்று மாதக்கணக்கில். அதற்கு நடுவில் தேசியத் தேர்வுப் போட்டி வந்தது. போகலாமா வேண்டாமா என்று நான் தடுமாறினேன். தோழி, "வந்து நீஞ்சிட்டுப் போ, ஒரு நாள்தானே" என்றாள். போனேன். இருவருமே எங்கள் வயதுப் பிரிவில் தேர்வாகிவிட்டோம். உலகப் போட்டி ஐரோப்பாவில், ஒரு ஏரிக்கரை ஊரில். ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்தில் என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். பள்ளியில் எல்லோரும் சேர்ந்து செலவுக்குக் கொடுத்தார்கள். தோழியின் அம்மா தன் பங்குக்கு எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருந்தார்.

பயண நாள் முடிவான அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கடைசி இரண்டு பரிசோதனைகளுக்கும், அனுமதி கொடுக்கும் குழுவின் முன் நிற்பதற்கும் தேதி குறித்திருந்தார்கள். அது போட்டி நடக்கும் அதே வாரம்.

நான் செய்ததை இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். பேசிய பெண் தயங்கினாள். "அடுத்த தேதி ஒரு மாசம் கழிச்சுதான் மேடம் கெடைக்கும், பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றேன். போனை வைத்துவிட்டுப் பள்ளி மைதானத்தில் வெகு நேரம் நின்றேன். பிறகுதான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவளைக் கேட்டுவிட்டுத் தள்ளிவைக்கவில்லை, தள்ளிவைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"ஒரு மாசம்தானே. இத்தினி நாள் இருந்துட்டேன், ஒரு மாசத்துல இன்னா ஆயிடும்?" என்றாள். "வெட்டறதுக்கு முன்ன போய்ட்டு வந்துடு. நல்லா இருக்கும்போதே போ. அப்பறம் என்னாலதான் உன்னால போவ முடியலன்னு இருக்கக் கூடாது."

"வேணாம்னா சொல்லுக்கா. நான் போவல."

"போவலன்னா நான் உன்னுத வாங்கிக்க மாட்டேன். அவ்ளோதான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிறது, அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் கேட்டேன்.

திங்கள் இரவு விமானம். கிளம்பும்போது அக்கா வாசலில் நின்றாள். கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு, "போய்ட்டு வா" என்றாள். நான் திரும்பத் திரும்ப மாமாவிடம் மாத்திரை நேரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொன்று சொல்லியிருக்க வேண்டும். கழுத்துக் குழாய் இருக்கிறவர்களுக்குக் குளிர் எடுத்து நடுங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று நர்ஸ் எங்களிடம் சொல்லியிருந்தார். எங்களிடம் என்றால் எனக்கும் அக்காவுக்கும். மாமா அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எப்படியும் நான் கூட இருப்பேன் என்ற நினைப்புதான்.

அந்த ஊர் அழகாக இருந்தது. ஏரி நீலமாக, ஓரத்தில் ஒரு குப்பை இல்லாமல். தண்ணீர் மட்டும் ஐஸ். விரலை விட்டுப் பார்த்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு குளிரில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் ரப்பர் உடை போட்டுத்தான் நீந்த விடுவார்கள். தோழிக்கு அதில் ஒரே சந்தோஷம். எப்போதும் அவள் மட்டும்தான் முழுக்க மூடிய நீச்சலுடையில் நிற்பாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னிக்கு ஒலகமே என்ன மாதிரி டிரெஸ் போட்டுக்கினு நிக்கப் போவுது பாரு" என்றாள்.

வியாழக்கிழமை அக்காவோடு பேசினேன். குரல் கம்மியிருந்தது.

"இன்னாக்கா, ஒரு மாதிரி பேசற?"

"சாரல்ல நனஞ்சிட்டேன். தொண்ட கட்டிக்கிச்சு" என்றாள். "அங்க ரொம்பக் குளுராமே? சொட்டர் போட்டுக்கினியா?"

போட்டுக்கொண்டேன் என்றேன். தண்ணீரின் குளிரைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, ஏரியில் மிதக்கும் வாத்துகளைப் பற்றி என்னென்னவோ சொன்னேன். அவள் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

வெள்ளிக்கிழமை மதியம் நான் எங்கள் இரண்டு பேருடைய எண் அட்டைகளையும், கணுக்காலில் கட்டும் நேரக்கருவிப் பட்டைகளையும் வாங்கிவரப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தோழி அறையில் தொழுதுகொண்டிருந்தாள். வழக்கத்தைவிட வெகு நேரம். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, "தலைவலி" என்றாள். கெட்டிலில் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. சாப்பாட்டையும் பிசைந்துகொண்டே இருந்தாள். போட்டிப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்படிப் பயம் வந்து நான் பார்த்ததில்லை.

ஏழு மணிக்கும் அங்கே பட்டப்பகல்போல் வெளிச்சம். அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். இரண்டு முறை மணி போய் நின்றது. மாமாவுக்குப் போடப் போனேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப ஊர்ல ராத்திரி பத்தரை ஆவுதுடி. டயாலிசிஸ் முடிச்சிட்டு வந்து தூங்குவாங்க. எழுப்பாத" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டேன். காலையில் போனைக் கேட்டபோது, "முடிஞ்சதும் தர்றேன். இப்ப தண்ணிய மட்டும் நெனை" என்றாள்.

ஒன்பது மணிக்கு எங்கள் பிரிவு இறங்கியது. அறுபது எழுபது பெண்கள் இருக்கலாம். குளம்படி பட்ட சேறுபோல் தண்ணீர் கலங்கியது. முதல் இருநூறு மீட்டர் முகத்தை உள்ளே விடவே முடியவில்லை. குளிர் நெற்றியைப் பிடித்து இறுக்கியது. பிறகு மெல்ல மூச்சு ஒரு கட்டுக்குள் வந்தது. அப்போதுதான் கவனித்தேன். என் இடது பக்கத்தில் ஒரு ஆள் கைக்குக் கை ஒட்டிக்கொண்டே நீந்துகிறாள். நான் இடப்பக்கம் சாயும்போதெல்லாம் தோளில் இடித்து என்னை நேராக்குகிறாள். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது முகம் தெரிந்தது. தோழிதான். அவள் வேகத்துக்கு அந்நேரம் முதல் பத்துப் பேரில் இருந்திருக்க வேண்டும்.

கரையேறி உடையை உரித்துக் காலணி மாட்டும் இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபமே வந்தது.

"ஏன்டி எங்கூடவே வர? உனக்கு இன்னா ஆச்சு? முன்னால போயிருக்கலாம் இல்ல?"

அவள் என் காலணியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீ ஓடு. நல்லா ஓடிடு. போ" என்றாள்.

ஓடினேன். அதுபோல் நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடவில்லை. சமதரை. மலைப்பாதையில் ஏறிப் பழகிய காலுக்கு அது ஓட்டமாகவே தெரியவில்லை. ஒவ்வொருவராக எனக்குப் பின்னால் போனார்கள். ஊர்க்காரர்கள் ஓரத்தில் நின்று மணியடித்தார்கள். என் சட்டையில் இருந்த நாட்டின் பெயரைப் படித்து யாரோ கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஓடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். நம் ஊரில் அப்போது மதியம் ஒரு மணி. மேட்டு நிலத்து ஓரத்தில் அக்காவை இறக்கி மண் தள்ளிக்கொண்டிருந்த நேரம்.

பதினான்காவதாக வந்தேன். நான் நினைத்தே பார்க்காத இடம். கழுத்தில் முடித்தவர்களுக்கான பதக்கத்தைப் போட்டார்கள், ஒரு போர்வையைச் சுற்றிவிட்டார்கள். தோழி வெகு நேரம் கழித்து வந்தாள். கடைசி ஒரு கிலோமீட்டரை நடந்தே வந்திருக்கிறாள். நான் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. என்னைப் புல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா போய்ட்டாங்கடி" என்றாள்.

"எங்க?"

இப்படித்தான் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம். ஆஸ்பத்திரியில. மாமா எனக்குப் போன் பண்ணாரு."

நேத்து என்ற சொல்தான் முதலில் உள்ளே இறங்கியது. நேற்று. அப்படியானால் நான் டீ குடித்தபோது. போனைக் கேட்டபோது. இவள் என் தோளை இடித்து இடித்து நேராக்கிக்கொண்டு வந்தபோது.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

அவள் கன்னத்தில் அடித்தேன். ஒரு முறைதான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்கள் திகைத்து விலகினார்கள். தோழி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. போனை எடுத்து என் மடியில் வைத்தாள்.

ஊர் வந்து சேர இரண்டு நாள் ஆனது. விமானம், இன்னொரு விமானம், சென்னையிலிருந்து பஸ், போளூரில் இறங்கி மலை பஸ். முழுவதும் அவள் என் கூடவே வந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளாகவே டிக்கெட் எடுத்தாள், பையைத் தூக்கினாள், இட்லி வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். ஜமுனாமரத்தூரில் பேனர் இன்னும் கட்டியபடியே இருந்தது. மழையில் ஒரு மூலை அவிழ்ந்து என் முகத்தின் மேல் மடிந்து கிடந்தது.

வீட்டு வாசலில் மாமா எழுந்து நின்றார். ஒரு வாரத்தில் பாதி ஆளாக ஆகியிருந்தார். நான் வரும்வரை உடம்பு தாங்காது என்று மறுநாளே அக்காவைப் புதைத்துவிட்ட இடத்துக்குப் போனேன். மேலே கல் அடுக்கியிருந்தார்கள், விலங்குகள் தோண்டாமல் இருக்க. பூ வாடிப் பழுப்பாகிக் கிடந்தது. பார்க்க அவள் முகம்கூட மிச்சமில்லை. கல்லைத்தான் பார்த்தேன்.

மாமா பின்னால் வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு மாமா?"

"புதன்கெழம குளுருதுன்னா, பாப்பா. ரெண்டு கம்பளி போத்தியும் ஒதறுது. மழக் குளுருதானேன்னு நெனச்சிட்டேன். உனக்குப் போன் போடட்டுமான்னு கேட்டேன். கெளம்பிப் போய் ரெண்டு நாள்கூட ஆவல, வேணாம்னா. வெள்ளிக்கெழம எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போறோம், அப்ப சொல்லிக்கலாம்னா."

"நடுங்கினா ஒடனே போவணும்னு அவளுக்குத் தெரியும் மாமா. நர்ஸ் சொன்னாங்க. என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா."

மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவரிடம் அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "வெள்ளிக்கெழம பஸ்ஸுலயே நெனவு போய்ப் போய் வந்துச்சு. அப்பகூட, 'அவகிட்ட சொல்லிடாத, முடிச்சிட்டு வரட்டும்'னா. நான் அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு அதத்தான் சொன்னேன். அது அழுதுச்சு. 'எப்படிங்க மறைக்கறது, என்னால ஆவாது'ன்னுச்சு. 'அக்கா சொன்னதும்மா'ன்னேன். அப்பறம் சரின்னுச்சு. அது மேல கோவப்படாத."

தோழி வாசலில், பைகளோடு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். மாலை பஸ்ஸுக்கு அவளை மாமாதான் கொண்டுபோய் விட்டார். நான் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, தள்ளிவைத்த அந்தத் தேதியில், ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் வரச் சொல்லவில்லை. டாக்டரம்மா அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூப்பிட்டார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். முதலில் கொடுத்த தேதிக்கு நான் வந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா?

அவர் பொய் சொல்லவில்லை. "அந்த வாரமே எல்லாம் முடிஞ்சிருந்தாலும் ஆபரேஷனுக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கும்மா. இது கழுத்துக் குழாய்ல வந்த தொற்று. தேதியால வந்தது இல்ல" என்றார். பிறகு, "புதன்கிழமையே வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார்.

புதன்கிழமை நான் இருந்திருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டாவது ஓடியிருப்பேன். கிளம்பும்போது என் பரிசோதனை அறிக்கைகளை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். இரண்டு சிறுநீரகமும் நல்ல அளவில், நல்ல செயல்பாட்டில் இருக்கின்றன என்று எழுதியிருந்தது.

ஒன்றரை வருஷம் தோழியோடு பேசவில்லை. அவள் முதலில் வாரம் ஒரு முறை போன் செய்தாள், பிறகு பெருநாளுக்கும் பொங்கலுக்கும் மட்டும். நான் எடுக்கவில்லை. கோபம் அவள்மேல்தான் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். அக்காமேல் கோபப்பட முடியாது, மாமாமேல் கோபப்பட மனம் வராது, என்மேல் கோபப்பட்டால் காலையில் எழுந்திருக்க முடியாது. மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டதாகக் கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லித்தான் போனேன். வாணியம்பாடியில் அவள் வீட்டு மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். அவள்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே கட்டிலிலிருந்து அவள் அம்மா, "யாரு அது? மலைக்காரப் பொண்ணா? உள்ள வரச் சொல்லு, சாப்டாம அனுப்பாத" என்று குரல் கொடுத்தார்.

சாப்பிடும்போது தோழி எதிரில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் பண்ணது தப்பா?"

இதற்கு ஒன்றரை வருஷமாக நான் பதில் வைத்திருந்தேன். விதவிதமாக.

"தெரியல" என்றேன். "நானா இருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்குத்தான் முடியல. உங்க அக்கா கடைசியாக் கேட்டது அது. நான் யாரு அத மீறறதுக்கு? ஆனா உன் போனப் புடுங்கினேன் பாரு, அதுக்கு என்ன மன்னிச்சிடு. பொய் சொன்னேன். அது என் வேலதான், அவங்க சொல்லல."

"நான் உன்ன அடிச்சேன்."

"ம். நல்லா வலிச்சுது."

அவள் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்து போனது. அதற்குப் பிறகு இருவரும் அழுதோம். அவள் அம்மா உள்ளேயிருந்து உருதுவில் ஏதோ கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். பழையபடி என்று சொல்ல மாட்டேன். பள்ளி, அவள் அம்மாவின் இடுப்பு, மாமாவின் சர்க்கரை என்று பேசுவோம். அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு பேசியதில்லை. அவள் மறுபடி போட்டிகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். ஓட்டம்கூட முன்னேறியிருக்கிறதாம். என்னையும் கூப்பிட்டாள். வரவில்லை என்றேன், அவளும் வற்புறுத்தவில்லை.

மாமா சாமை போடுவதை நிறுத்திவிட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறார். இரண்டு பேருக்கும் நான்தான் சமைக்கிறேன். எனக்கு அக்காபோல் களி கிண்ட வராது. கட்டி தட்டிவிடும். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். ஒரு நாள் களி நன்றாக இல்லை என்று நானே சொன்னபோது, "நல்லாத்தான் இருக்குது பாப்பா" என்றார். பிறகு இருவரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம்.